அறுபத்து நாலு கேயில் விழுந்த டெஸ்ட்

மதினி,

இதை யாரிடமும் காட்டிவிடாதீர்கள். அண்ணனிடம் கூடவே கூடாது. உங்களிடம் போய் இப்படிக் கெஞ்சுவது கிறுக்குத்தனம் என்று தெரிகிறது. நீங்கள் யாரிடம் காட்டப் போகிறீர்கள்? ஆனாலும் பயந்தால் எனக்கு முதலில் வருவது இந்த வாக்கியம்தான். மூன்றாம் வகுப்பில் தோழிக்கு எழுதிய துண்டுச்சீட்டில்கூட இப்படித்தான் ஆரம்பித்திருப்பேன்.

ஈரத்துணி சூடாகும் வாசனை வருகிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். உங்கள் சின்ன போர்டுக்கு, நீங்கள் டெஸ்ட் ஓட்டிப் பார்க்கிற அந்த உள்ளங்கையளவு கம்ப்யூட்டருக்கு, பக்கத்தில் என் பள்ளிக்கூட சாக்ஸ் கிடக்கிறது. குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டது, கொடியில் போட்ட எதுவும் காயவில்லை, நாளைக்குப் போட வேறு சாக்ஸ் இல்லை. போர்டின் விசிறி தள்ளும் வெதுவெதுப்பில் அது காய ஆரம்பித்ததும், ஒரு கணம் நீங்கள் அறையில் இருப்பதாகவே நினைத்துவிட்டேன். போன வருடச் சாரலில் நீங்களும் இதையேதான் செய்தீர்கள். “டெஸ்டத்தான் ஒழுங்கா ஓட்ட மாட்டேங்கு. சாக்ஸையாவது காயப் போடட்டும்” என்றீர்கள்.

இப்போது உங்கள் லேப்டாப் என் மடியில் இருக்கிறது. அண்ணனுடைய பீரோவிலிருந்து எடுத்தேன். நாளைக் காலையில் அதைத் தென்காசியில் ஒரு கடையில் கொடுத்து, உள்ளே இருப்பதையெல்லாம் அழித்து, நம் லாட்ஜ் புக்கிங்குக்கு வைத்துக்கொள்ளப் போகிறார்கள். இன்றைக்குச் சாப்பிடும்போது அப்பா சொன்னார். அண்ணன் ரசச் சோற்றைப் பிசைந்துகொண்டே “சரி” என்றான். “அந்தச் சின்ன போர்டு ஒண்ணு கெடக்கே?” என்று அப்பா கேட்டார். “பழைய சாமானோட போடுங்க” என்றான். தலையை நிமிர்த்தவே இல்லை. ஆக, உங்கள் டெஸ்டைச் சரிசெய்து அனுப்ப எனக்கு இருப்பது இந்த ராத்திரி ஒன்றுதான். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. பாஸ், பாஸ் என்று திரையில் ஏறுகிறது. நம்பிக்கை இல்லை. அதனால் முடியும்வரை உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் கல்யாணமாகி வந்த புதிதில் உங்கள் வேலை என்னவென்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் புரியவில்லை. இலத்தூர்ப் பெண், கோயம்புத்தூரில் படிப்பு, பெங்களூரில் கம்பெனி, வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம். இவ்வளவுதான் பேசி முடித்தவர்கள் சொன்னது. வந்த மறுவாரமே அம்மா என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போய்க் குசுகுசுத்தாள்.

“ஏட்டி, போயி அவ பக்கத்துல உக்காரு. கதவச் சாத்திக்கிட்டு யாரையோ ஏசுதா. யாருன்னு பாத்துட்டு வா.”

நான் வந்தேன். நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“அத்தை அனுப்புனாவளா?”

“இல்ல மதினி, சும்மாதான் வந்தேன்.”

“சும்மா வந்தவ அந்த ஸ்விட்சுக்குப் பக்கத்துல உக்காரு. நான் சொல்லும்போது அமத்திட்டுத் திருப்பிப் போடு. இந்தச் சனியன் அப்பப்ப செத்துப் போகுது.”

அம்மாவிடம் போய்ச் சொன்னேன். “கம்ப்யூட்டரத்தான் ஏசுதாங்கம்மா.”

“கம்ப்யூட்டரு திருப்பி என்ன சொல்லுது?”

“ஃபெயிலுங்குது.”

“பெறவு எதுக்கு அதுகூடப் போயி மல்லுக்கட்டுதா?”

இதை வந்து உங்களிடம் சொன்னபோது நீங்கள் நாற்காலியிலிருந்து சரிந்து விழுகிற அளவுக்குச் சிரித்தீர்கள். அன்றிலிருந்து பள்ளிக்கூட வேனிலிருந்து இறங்கியதும் எனக்கு அந்த ஸ்விட்சு வேலைதான். நீங்கள் எனக்கு எதையும் சொல்லிக்கொடுத்ததாக ஞாபகம் இல்லை. ஏசினீர்கள், ஓட்டினீர்கள், மறுபடி ஏசினீர்கள். நான் ஸ்விட்சை அமத்திப் போட்டுக்கொண்டே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டே இருந்தால் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும் போலிருக்கிறது.

ஒட்டிக்கொண்டதை எழுதுகிறேன். தப்பாக இருந்தால் அங்கிருந்தே ஏசிக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரின் அடிமட்டத்தில் உட்கார்ந்து, அதன் நினைவகத்தை எல்லா நிரல்களுக்கும் பங்குபோட்டுக் கொடுப்பது கர்னல். அது ஒழுங்காகப் பங்குபோடுகிறதா என்று சோதிக்கிற சின்னச் சின்ன டெஸ்டுகளை எழுதுவது உங்கள் வேலை. எழுதியதை ஒரு மெயில் பட்டியலுக்கு அனுப்புவீர்கள். எந்தெந்த நாட்டிலோ இருக்கிறவர்கள் படித்துக் குறை சொல்வார்கள். குறையெல்லாம் தீர்ந்தால் எழுதியவர் பெயரோடு அது கர்னலில் சேர்ந்துவிடும். பிறகு அங்கேயே இருக்கும்.

நினைவகத்தைக் கர்னல் பக்கம் பக்கமாகத்தான் கொடுக்கும், பக்கம் பக்கமாகத்தான் பூட்டும். நான் அதை நம் லாட்ஜாக நினைத்துக்கொண்டேன். அரை அறையைப் பூட்ட முடியாது, பூட்டினால் முழு அறைதான். பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் ஒரு பக்கம் நாலு கே, அதாவது 4096 பைட். அது லாட்ஜின் ஒற்றை அறை. சிலவற்றில் பதினாறு கே, குடும்பத்தோடு தங்குகிற பெரிய அறை. சிலவற்றில் அறுபத்து நாலு கே. அது அறையே இல்லை, கார்த்திகையில் ஐயப்ப சாமிமார் வரிசையாகப் படுக்கிற நம் மாடி ஹால். இதை உங்களிடம் சொன்னபோது “ஒங்க அப்பா கேட்டா வாடகையும் போட்டுருவாவ” என்று சிரித்தீர்கள். தப்பென்று சொல்லவில்லை.

நீங்கள் கடைசியாக அனுப்பிய டெஸ்ட் செய்தது இவ்வளவுதான். நினைவகத்தில் ஒரு துண்டை வாங்கு. அதில் முதல் பக்கத்தைப் பூட்டு. அடுத்த பக்கத்தில் எழுது. எழுத முடிந்தால் பாஸ். ஆனால் பக்கம் எவ்வளவு பெரியது என்று கம்ப்யூட்டரிடம் கேட்காமல், 4096 என்று நீங்களே எண்ணைப் போட்டுவிட்டீர்கள். நாலு கே உள்ள உங்கள் லேப்டாப்பில் அது அழகாக ஓடியது; காய்ச்சல் வந்த அவசரத்தில் போர்டில் ஓட்டிப் பார்க்காமலே அனுப்பிவிட்டீர்கள். அறுபத்து நாலு கே உள்ள யாருடைய மெஷினிலோ, முதல் அறையைப் பூட்டுவதாக நினைத்து மொத்த ஹாலையும் பூட்டிவிட்டது. அடுத்த அறை என்று காலை வைத்தால் அதுவும் அதே ஹால். டெஸ்ட் அங்கேயே செத்து விழுந்தது. கர்னல் மேல் ஒரு தப்பும் இல்லை.

அந்தக் குறையைச் சொல்லி மெயில் வந்தபோது நீங்கள் தென்காசி ஆஸ்பத்திரியில் கிடந்தீர்கள். ஐப்பசி மழை. ஒரு கையில் ட்ரிப்ஸ், இன்னொரு கையில் போன். காய்ச்சலில் கண் சிவந்திருந்தது. நான் படித்துக் காட்டவா என்றால் தரவில்லை. முழுவதும் நீங்களே படித்துவிட்டு உதட்டைக் கடித்தீர்கள்.

“சரியாத்தான் சொல்லுதான் மனுசன். ஊருக்கெல்லாம் சொல்லிட்டு நானே கையால நம்பரப் போட்டுருக்கேன் பாரு. வெக்கமா இருக்கு.”

“இப்ப என்ன செய்யணும் மதினி?”

“வீட்டுக்கு வந்து பாத்துக்கிடுவோம். நீ ஸ்விட்சுக்கு ரெடியா இரு.”

மறுநாள் உங்களைத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள். எனக்கு அன்றைக்குப் பள்ளிக்கூடம். ஆம்புலன்ஸ் போனதைக்கூடப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்ததை உங்களிடம் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் உங்கள் பெயரை யாரும் சொல்வதில்லை. காரியம் முடிந்த கையோடு அண்ணன் உங்கள் சாமான்களைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டி, “ஒருத்தரும் தொடக் கூடாது” என்றான். லாட்ஜுக்கு வருகிற தெரிந்தவர்கள் “மருமக எங்க?” என்று கேட்டால் அம்மா “அட, காபி ஆறுதே” என்கிறாள். இந்த ஞாயிற்றுக்கிழமை செங்கோட்டைக்குப் பெண் பார்க்கப் போகிறார்கள். அதைக் குறையாகச் சொல்லவில்லை, அண்ணனுக்கு என்ன வயதாகிவிட்டது. உங்களைத் தாண்டிப் போவது சரி. உங்கள் பெயரையே தொடாமல் தாண்டுகிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சீசன் ஆரம்பித்ததிலிருந்து அண்ணன் ராத்திரி லாட்ஜிலேயே இருந்துகொள்கிறான். பீரோ சாவி அடுப்படிக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. முதல் தடவை உங்கள் சாமான்களைத் தொட்டுப் பார்க்கத்தான் திறந்தேன், சத்தியமாக. லேப்டாப்பைப் பார்த்ததும் கை போய்விட்டது. பாஸ்வேர்டு நீங்கள் எத்தனையோ தடவை என்னிடம் டைப் அடிக்கச் சொன்னதுதான். உங்கள் மெயில் திறந்தே இருந்தது. அந்தக் குறை சொன்ன மெயிலுக்குக் கீழே, போன வாரம் வந்த புது மெயில் ஒன்று இருந்தது. வேறு ஒருவர் எழுதியிருந்தார். மரியாதையாகத்தான். எழுதியவரிடமிருந்து பல மாதமாகப் பதில் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால், நாலு கே இல்லாத மெஷின்களில் எல்லாம் இந்த டெஸ்டை ஓட்டாமல் தாண்டும்படி, ஸ்கிப் செய்யும்படி மாற்றி நானே சேர்த்துவிடுகிறேன் என்று முடித்திருந்தார்.

நாளைக்கு வெள்ளிக்கிழமை.

ஸ்கிப். எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்தது என்று தெரியவில்லை. ஒருநாள் நீங்கள் போர்டோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது அண்ணன் வாசலில் நின்று கேட்டான். “ஃபெயிலாகுதுன்னா அத விட்டுட்டு அடுத்தத ஓட்ட வேண்டியதுதான?”

“நீங்க லாட்ஜுல பைப்பு ஒழுகுனா, அந்த ரூமுக்கு நம்பரே இல்லன்னு எடுத்துருவீயளா?”

“ஏ, நான் என்ன தப்பாக் கேட்டுட்டேன்?”

“ஓடாம விட்டா அது டெஸ்டு இல்ல. அலங்காரம்.”

அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு நழுவினான். நீங்கள் சொன்னது முழுதாகப் புரிந்தது இந்த மாதம்தான். ஸ்கிப் என்று போட்டால் ஃபெயில் என்கிற சிவப்பு போய்விடும், பார்க்கிறவர்களுக்கு நிம்மதி. ஆனால் நாளைக்கு அறுபத்து நாலு கேயில் கர்னல் உண்மையிலேயே தப்பாகப் பூட்டினாலும் ஒருவருக்கும் தெரியாது. டெஸ்டு இருக்கும், பெயர் இருக்கும், வேலை செய்யாது.

உங்கள் டெஸ்டைத் திருத்துவதன் முதல் பாதி எளிதாக இருந்தது. 4096 என்று இருந்த இடங்களை எல்லாம் எடுத்துவிட்டு, முதலில் கம்ப்யூட்டரிடம் ஒரு பக்கம் எவ்வளவு என்று கேட்டு, அந்த விடையால் எண்ணும்படி மாற்றினேன். ஒன்றில் பதினாறு கே கர்னல், இன்னொன்றில் அறுபத்து நாலு கே கர்னல் என்று போர்டுக்கு நீங்கள் வைத்திருந்த இரண்டு மெமரி கார்டும் டப்பாவிலேயே இருந்தன. அறுபத்து நாலு கே கார்டில் நீங்கள் வைத்த நெயில் பாலிஷ் பொட்டு அழியவில்லை. பதினாறு கேயில் ஓட்டினேன், பாஸ். பொட்டு வைத்ததைப் போட்டு ஓட்டினேன், பாஸ். வாயைப் பொத்திக்கொண்டு கட்டிலில் குதித்தேன். எவ்வளவு முட்டாள் நான்.

நீங்கள் செய்வது போலவே இன்னொரு தடவை ஓட்டினேன். ஃபெயில். மறுபடி ஓட்டினேன். ஃபெயில். போர்டை அமத்திப் போட்டு ஓட்டினால் பாஸ். கொஞ்ச நேரம் வேறு டெஸ்டுகளை ஓட்டிவிட்டு வந்தால் ஃபெயில். ஒரு எழுத்தையும் மாற்றாமல், அதே கார்டில், அதே போர்டில். நிரந்தரமாகத் தோற்றால்கூடப் பரவாயில்லை மதினி. இப்படிச் சில நேரம் மட்டும் தோற்கிறதே, அது ஆளைக் கொன்றுவிடுகிறது. சூடு என்று நினைத்து விசிறியின் பக்கம் திருப்பி வைத்தேன். கரண்ட் ஏறி இறங்குகிறது என்று வேறு ப்ளக்கில் போட்டேன். கார்டைத் துடைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. பிசிக்ஸ் டெஸ்டில் பாதி தாளை வெறுமையாகக் கொடுத்தேன், டீச்சர் எழுப்பி நிற்கவைத்தார்கள். அம்மா என் கண்ணைப் பார்த்துவிட்டு “போன் ஏதும் வச்சிருக்கியா?” என்று தலையணைக்கு அடியில் தேடினாள். ஒருநாள் கோபத்தில் உங்கள் நாற்காலியை எட்டி உதைத்தேன். பெருவிரல் இன்னும் வீங்கியிருக்கிறது. நீங்கள் இருந்தால் அரை நிமிடம் ஏசிவிட்டு விடையைச் சொல்லியிருப்பீர்கள். இல்லாமல் போய்விட்டீர்களே என்று அன்றைக்கு உங்கள் மேலேயே கோபமாக வந்தது.

தோற்றது டெஸ்டின் இரண்டாவது பாதி என்பது மட்டும் தெரிந்தது. அதில் நீங்கள் ஒரு பெரும்பக்கம் கேட்டிருந்தீர்கள். பல பக்கங்களைச் சேர்த்து ஒரே துண்டாகக் கர்னல் தருவது. நாலு கே மெஷினில் அது இரண்டு எம்பிதான். பக்கம் பெரிதாகப் பெரிதாக அதுவும் பெரிதாகிறது. அறுபத்து நாலு கேயில் ஐந்நூற்றுப் பன்னிரண்டு எம்பி. நம் போர்டில் அதைவிட நிறைய நினைவகம் காலியாக இருந்தது. நான் எத்தனை தடவை பார்த்தேன் தெரியுமா, காலியாக இருந்தது. பிறகு ஏன் கிடைக்கவில்லை?

போன ஞாயிற்றுக்கிழமை லாட்ஜில் கூட்டம். திருவேங்கடத்திலிருந்து ஒரு பஸ் ஆட்கள் வந்து இறங்கினார்கள், ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத்தோடு. நான் அப்பாவுக்கு டிபன் கொண்டு போயிருந்தேன். மேலே ஹாலைப் பார்த்துவிட்டு இறங்கி வந்த ஒருவர் அப்பாவோடு சண்டைக்கு நின்றார்.

“அண்ணாச்சி, ஹாலு முக்காவாசி காலியாக் கெடக்கு. எடம் இல்லங்கீய?”

“காலியாத்தான் கெடக்கு. ஒரே எடமா இல்லல்லா? இந்த மூலையில ரெண்டு பேரு, சன்னலுக்கடியில ஒரு குடும்பம், நடுவுல ஒருத்தரு குறுக்கப் படுத்துருக்காரு.”

“எங்க பொம்பளையாளுவ சேந்துதான் படுப்பாவ. பிரிச்சுப் போட முடியாது.”

“அப்ப ஹாலு இல்லன்னுதான் நான் சொல்லணும்.”

“நல்லா இருக்கே நியாயம்! காலியா வச்சுக்கிட்டு இல்லங்கதா?”

“வேணும்னா ஒண்ணு செய்யுதேன். அவங்களக் கொஞ்சம் ஓரமாப் படுக்கச் சொல்லிப் பாக்கேன். நகந்தா ஒங்களுக்கு. நகரலன்னா பக்கத்து லாட்ஜப் பாருங்க.”

டிபன் பாத்திரத்தை அங்கேயே வைத்துவிட்டு ஓடிவந்தேன். அப்பா பின்னால் கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை. புதிதாகத் தொடங்கிய போர்டு காலையில் கூட்டிப் பெருக்கிய ஹால். கொஞ்ச நேரம் மற்ற டெஸ்டுகள் ஓடியதும் ஆட்கள் அங்கங்கே படுத்துவிடுகிறார்கள். இடம் இருக்கிறது, சேர்ந்த மாதிரி இல்லை. உங்கள் டெஸ்ட் அந்த பஸ்காரரைப் போல, இடம் கிடைக்காததற்குக் கர்னலையே குற்றவாளி ஆக்கிவிட்டது. அதை நீங்கள் பார்த்திருக்க முடியாது, ஏனென்றால் உங்கள் லேப்டாப்பில் இரண்டு எம்பி எப்போதும் கிடைக்கும்.

அதனால் இப்படி மாற்றினேன். பூட்டிப் பார்க்கிற முதல் பாதியைத் தனியாகப் பிரித்துவிட்டேன். அது எந்தப் பக்க அளவிலும் ஓடியே தீரும், தப்பிக்க வழியே இல்லை. இரண்டாவது பாதியில், படுத்திருக்கிறவர்களை நகர்த்தி இடம் சேர்த்துத் தரும்படி கர்னலிடம் ஒரு தடவை கேட்கிறேன். அப்படியும் கிடைக்காவிட்டால் மட்டும், இவ்வளவு பெரிய சேர்ந்த இடம் கிடைக்கவில்லை, ஆகவே இந்தப் பாதி சோதிக்கப்படவில்லை என்று காரணத்தை அச்சடித்துவிட்டு ஸ்கிப்.

ஆமாம், நானே ஸ்கிப் என்று எழுதினேன். கை கூசியது. அலங்காரம் என்று நீங்கள் சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. ஆனால் யோசித்துப் பார்த்துவிட்டேன் மதினி. சேர்ந்த இடமே இல்லாத நேரத்தில் கர்னலிடம் போய்த் தோற்றுவிட்டாய் என்று சொல்வதும் பொய்தான். ஓட முடியாததை ஓடவில்லை என்று காரணத்தோடு சொல்வது வேறு. ஓட முடிந்ததை ஓட்டாமல் மூடுவது வேறு. நீங்கள் ஒப்புக்கொள்வீர்களா என்று தெரியவில்லை. ஒப்புக்கொள்ளாமல் ஒரு மணி நேரம் சண்டை போடுவீர்கள், அதற்கு நான் என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன்.

டெஸ்ட் இன்னும் ஓடுகிறது. தொடங்கியவுடன் ஒரு சுற்று, ஹாலை நிரப்பிவிட்டு ஒரு சுற்று, இரண்டு கார்டிலும், பிறகு இந்த லேப்டாப்பிலும். நடுவில் ஒருதரம் கரண்ட் போய் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. மின்வாரியத்தை நீங்கள் ஏசுகிற வார்த்தையிலேயே ஏசினேன்.

மீதி இருப்பது மெயில். அதில்தான் சிக்கிக்கொண்டு கிடக்கிறேன்.

அந்தப் பட்டியலில் ஒரு வழக்கம் இருக்கிறதே. எழுதியவர் பெயரை மேலே போட வேண்டும். அனுப்புகிற ஒவ்வொருவரும் இதற்கு நான் பொறுப்பு என்று கடைசியில் தன் பெயரைப் போட்டுக் கையெழுத்திட வேண்டும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்தி அனுப்பினால், முதல் ஆளின் பெயரும் கையெழுத்தும் அப்படியே இருக்கும். அதற்குக் கீழே திருத்தியவர், தன் பெயரோடு என்ன மாற்றினேன் என்று சதுர அடைப்புக்குள் ஒரு வரி எழுதிவிட்டுத் தன் கையெழுத்தைப் போட வேண்டும். உங்களோடு வேலை பார்த்த ஒருவர், ஓட்டிக்கூடப் பார்க்காமல் தன் பெயரையும் சேர்க்கச் சொல்லிப் போனில் கேட்டது ஞாபகம் இருக்கிறதா? “ஓட்டிப் பாக்காம பேரு போடுததுக்கு இது என்ன கல்யாணப் பத்திரிகையா?” என்று நீங்கள் கத்தியதில் அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள்.

உங்கள் மெயில் திறந்திருக்கிறது. உங்களைப் போலவே நான் எழுதிவிடலாம். தாமதத்துக்கு மன்னிக்கவும், இதோ திருத்திய டெஸ்ட், இப்படிக்கு நீங்கள். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஒரு கணம் இல்லை, இரண்டு நாளாக அந்த ஆசையிலேயே இருந்தேன். அங்கே, அந்தப் பட்டியலில் மட்டும், நீங்கள் இறந்தவர் இல்லை. பதில் போடத் தாமதமான ஆள், அவ்வளவுதான். அப்படியே இருந்துவிட்டுப் போகட்டுமே என்று தோன்றியது.

ஆனால் நான் எழுதிய வரிகளுக்கு நீங்கள் எப்படிப் பொறுப்பாவீர்கள்? அந்த ஸ்கிப்பை நீங்கள் பார்க்கவே இல்லை. நீங்கள் ஓட்டிப் பார்க்காததற்கு உங்கள் பெயரைப் போட்டால், அந்தப் போன்காரரைவிட நான் மோசம்.

அப்படியானால் என் பெயரைப் போட வேண்டும், என் சொந்தப் பெயரை. பன்னிரண்டாம் வகுப்புக்காரி போடலாமா என்று தேடினேன். வயதைப் பற்றி எங்கும் காணவில்லை, நிஜ ஆளா என்பதுதான் கேள்வி. அது உலகத்துக்கே தெரிகிற இடம், அழிக்க முடியாது. பரீட்சை வருடத்தில் ராத்திரி ராத்திரியாகத் திருட்டுத்தனமாக உட்கார்ந்திருந்தேன் என்று அப்பாவுக்குத் தெரிந்தால் பள்ளிக்கூடத்துக்கும் லாட்ஜுக்கும் நடுவே என் வாழ்க்கை முடிந்துவிடும். பூட்டிய பீரோவைத் திறந்தேன் என்று அண்ணனுக்குத் தெரிந்தால் என்ன செய்வான் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. அவன் அடிக்க மாட்டான். பேசாமல் இருந்துவிடுவான். அதுதான் பயம்.

அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருக்கிறது. நான் யார், நீங்கள் ஏன் அனுப்பவில்லை என்று ஒரு வரி எழுதியாக வேண்டும். இந்த வீட்டில் ஒருவரும் வாயால் சொல்லாத வரி. முன்பின் தெரியாதவர்களுக்கு, ஆங்கிலத்தில், முதல் தடவையாக நான் எழுத வேண்டும். எழுதுகிறேன், அழிக்கிறேன். உடல்நிலை சரியில்லை என்று எழுதினேன். இப்போது வேலையில் இல்லை என்று எழுதினேன். அதுவும் ஒரு ஸ்கிப்தான் என்று தெரிந்து அழித்தேன்.

டெஸ்ட் முடிந்துவிட்டது. மூன்று பக்க அளவிலும் முதல் பாதி ஒரு இடத்தில்கூட விழவில்லை. இரண்டாவது பாதி, ஹால் நிரம்பியிருந்தபோது மட்டும் காரணம் சொல்லி நின்றிருக்கிறது. எனக்குச் சந்தோஷம் வர வேண்டும். வரவில்லை. இன்னொரு தடவை ஓட்டலாமா என்றுதான் தோன்றுகிறது. உங்களிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது இதுதான் போலிருக்கிறது மதினி. உங்கள் புடவை, வளையல் எல்லாம் இலத்தூருக்குத் திரும்பிப் போய்விட்டன. இந்த எரிச்சலை மட்டும் யாரும் கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை. பாஸ் என்று வந்தாலும் எதனால் பாஸ் என்று தெரியாமல் தூக்கம் வராத இந்த எரிச்சல். பிசிக்ஸ் கணக்கில்கூட வந்துவிட்டது. விடை சரியாக வந்தாலும் டீச்சரை விடாமல் கேட்கிறேன், “ஏன் வகுப்புல வாயாடுத?” என்கிறார்கள்.

சரி, எழுதிவிடுகிறேன். இந்த டெஸ்டை எழுதியவர் போன அக்டோபரில் இறந்துவிட்டார். நான் அவருடைய கணவரின் தங்கை. இதைச் சரிசெய்ய வேண்டும் என்று

யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.

அண்ணன்தான். இந்த நேரத்தில் லாட்ஜை விட்டு ஏன் வந்தான்?

“பாப்பா, முழிச்சிருக்கியா? பீரோவுல லேப்டாப்பக் காணும்.”

லேப்டாப் மூடியைப் பாதி சாய்த்தேன். அவசரத்தில் எழுத்து கோணுகிறது, மன்னித்துக்கொள்ளுங்கள்.

“ஏட்டி, ஒன்னய ஒண்ணும் சொல்ல மாட்டேன். நாளைக்கு அழிச்சிருவாங்கல்லா. அதுக்கு முன்னாடி ஒங்க மதினி போட்டோ ஏதும் உள்ள கெடக்கான்னு பாக்கணும். தொற.”

ஒங்க மதினி என்றான். அவன் வாயால்.

அந்த வரியை முடித்துவிட்டேன். அனுப்பிவிட்டேன் மதினி. உங்கள் பெயர் மேலே, என் பெயர் கீழே. மறுபடியும் தட்டுகிறான், நான் போய்க் கதவை